பெரும்போர் மேசையில் திணறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நாலு வீரர்கள் ஆறு காப்ளின்களோடு (குட்டி அரக்கர்கள்) மோதும்வரை, ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் நடித்து ஆடும் எந்த ஃபேன்டசி ரோல்ப்ளே ஆட்டமும் ஒழுங்காக ஓடும். 300 ஓர்க்குகள் (முரட்டு அரக்கர்கள்) மலையேறி வருகின்றன என்று, கதையை நடத்தி எதிரிகளை ஆட்டுவிக்கும் டி.எம். சொன்னதும் மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு மணி நேரம் போனால் பாதிப் பேர் சுவரில் சாய்ந்திருப்பார்கள். சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடி ஆடும் எங்கள் வட்டத்தில் புதிதாக டி.எம். ஆகிறவர்கள் வந்து மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். அவர்களுக்காக எழுதியது இது. உங்கள் மேசையில் தெரிகிற அறிகுறி எது என்று பார்த்து, அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

கோளாறின் வேர் ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1971-ல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டில் பெரும்போர் என்றால் ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம். அதிலிருந்து கிளைத்து, 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆட்டக்காரர் ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு ஆளைக் கொடுத்தது. இன்று நாம் கையாளும் விதிகள் எல்லாம் அந்த ஒரு ஆளுக்காக எழுதியவை: ஆறு வினாடிக்கு ஒரு ரவுண்டு, ஆளுக்கொரு இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற முறை), அடிக்கொரு பகடை உருட்டல். 300 பேரை அதற்குள் திணித்தால் மூச்சு முட்டத்தான் செய்யும்.

கீழே சொல்கிற எல்லாத் தீர்வுக்கும் அடிப்படை ஒன்றுதான். மேசையில் செலவாகிற ஒவ்வொரு நிமிடமும் ஆட்டக்காரர் எடுக்கிற ஒரு முடிவுக்குப் போய்ச்சேர வேண்டும். மீதிப் போருக்கு ஒரே உருட்டல் போதும். எண்கள் எல்லாம் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி.

தயார் செய்துகொள்ள வேண்டியது அதிகம் இல்லை. ஒரு சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஒரு கை புளியங்கொட்டை. கொட்டை ஒவ்வொன்றையும் தாயத்துக்கு உரசுவதுபோல் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து, வெள்ளை தெரிகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டை 20 வீரர்கள். கறுப்புப் பக்கம் மேலே இருந்தால் அந்த அணி உறுதியாக நிற்கிறது. வெள்ளைப் பக்கம் மேலே என்றால் குலைந்துவிட்டது, தாக்காது, அடுத்த அடிக்கு ஓடிவிடும். இந்த ஒரு புரட்டலிலேயே அணியின் நிலை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தேய்த்த பக்கம் தட்டையாக இருப்பதால் கறுப்பு மேலே வைக்கும்போது கொட்டை நகராமல் நிற்கும். நம் ஊரில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமே இல்லை என்று சிலர் அதை எடுத்து வருகிறார்கள். மேசை லேசாக ஆடினாலே படை முழுக்க உருண்டு தரைக்குப் போய்விடும், புரட்டிக் காட்டப் பக்கமும் இல்லை. வேண்டாம்.

அறிகுறி: ஒரு ரவுண்டு முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது

முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு ரவுண்டில் டி.எம். கையிலிருந்து டி20 (இருபது முகப் பகடை; டி6 என்றால் ஆறு முகம், 2டி6 என்றால் அதில் இரண்டு) எத்தனை தடவை உருண்டது என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைவிட அது அதிகம் என்றால் கோளாறு இங்கேதான்.

கும்பல் தாக்கும்போது உருட்டவே வேண்டியதில்லை. டி.எம். கையேட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது, பலர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதிராளியின் ஏ.சி.யிலிருந்து, அதாவது அவன்மேல் அடி விழ எட்ட வேண்டிய எண்ணிலிருந்து, கும்பலின் தாக்குதல் போனஸைக் கழியுங்கள். வருகிற எண்தான் டி20-ல் விழ வேண்டியது. அது 1 முதல் 5 என்றால் ஆளுக்கு ஒரு அடி விழும். 6 முதல் 12 என்றால் இரண்டு பேருக்கு ஒரு அடி. 13, 14 என்றால் மூன்று பேருக்கு ஒன்று. 15, 16 என்றால் நாலு பேருக்கு, 17, 18 என்றால் ஐந்து பேருக்கு, 19 என்றால் பத்துப் பேருக்கு, 20 என்றால் இருபது பேருக்கு ஒன்று. இதை ஒரு அட்டையில் எழுதி டி.எம். திரையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

12 காப்ளின்கள் ஏ.சி. 18 உள்ள பாலடின் என்ற கவச வீரனை வில்லால் குறிவைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். காப்ளினின் போனஸ் 4. தேவை 14, அதாவது மூன்று பேருக்கு ஒரு அடி. ஆக நாலு அடி, அடிக்குச் சராசரி 5, மொத்தம் 20 டேமேஜ். கணக்கு முடிந்தது. தனித்தனியாக உருட்டியிருந்தாலும் 12-ல் 35 சதவீதம், நாலு அடிக்குச் சற்று மேல்தான் வந்திருக்கும். இந்த வழியில் கிரிட்டிகல் அடி (பகடையில் 20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் சேதம்) கிடையாது, முடிவும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அது உறுத்தினால் ஒரே ஒரு டி6 உருட்டுங்கள். 1 விழுந்தால் ஓர் அடி குறைவு, 6 விழுந்தால் ஓர் அடி கூடுதல். எங்கள் மேசையில் இதை எப்போதும் வைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் அந்த ஒரு உருட்டலை எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

கும்பலில் ஆளுக்கு ஆள் ஹிட் பாயிண்ட் (ஹெச்.பி., அதாவது எவ்வளவு டேமேஜ் தாங்குவான் என்ற எண்) எழுதுவதையும் விட்டுவிடுங்கள். காப்ளினுக்கு 7, ஒரு நல்ல அடியில் போய்விடும். ஓர்க்குக்கு 15, இரண்டு அடி. ‘எத்தனை அடிக்கு விழுவான்’ என்ற ஒரே எண் போதும். இனிஷியேட்டிவும் பக்கத்துக்கு ஒன்று.

அறிகுறி: டி.எம். தன்னோடு தானே சண்டை போடுகிறார், மற்றவர்கள் போனைப் பார்க்கிறார்கள்

நட்புப் படைக்கும் எதிரிப் படைக்கும் டி.எம். ஒருவரே மாறி மாறி உருட்டினால் இது வந்தே தீரும். போனை வாங்கி வைத்துப் பயனில்லை. அவர்கள் கையில் வேலை இல்லை என்பதுதான் நோய்.

போரைக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு கட்டம் கதைக்குள் அரை மணி நேரம். கட்டத்துக்கு ஒருமுறை மட்டும் இரு படைக்கும் 2டி6 உருட்டல். நட்புப் படைக்கு ஓர் ஆட்டக்காரர் உருட்டட்டும், எதிரிப் படைக்கு இன்னோர் ஆட்டக்காரர் உருட்டட்டும். மேடான இடம், இரு மடங்கு ஆள்பலம், தளபதி உயிரோடு களத்தில் இருப்பது, ஒவ்வொன்றுக்கும் 1 கூட்டுங்கள். வித்தியாசம் 0 அல்லது 1 என்றால் களம் அப்படியே நிற்கிறது. 2 முதல் 4 வரை என்றால் தோற்ற பக்கத்தில் ஒரு கொட்டை புரளும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு கொட்டை போகும், இன்னொன்று புரளும். இது கையேட்டு விதி இல்லை, எங்கள் மேசைக்கு நாங்கள் செய்துகொண்டது. உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு கட்டத்துக்கு ஓர் உருட்டலுக்கு மேல் போகாதீர்கள்.

கட்டம் என்று வைத்துக்கொள்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆறு வினாடி ரவுண்டிலேயே முழுப்போரையும் ஓட்டினால் பத்து ரவுண்டில் கோட்டை விழுந்துவிடும், அதாவது கதைக்குள் ஒரே நிமிடத்தில். ரவுண்டுக் கணக்கு வீரர்கள் நேரடியாக வாள் வீசும் இடத்துக்கு மட்டும் போதும். மற்ற இடத்துக்குக் கட்டக் கணக்கு.

அறிகுறி: “இத்தனை பேரைக் கொன்னோம்ங்க அண்ணா, என்ன மாறுச்சு?”

இந்தக் கேள்வி வந்தால் அதை முறையீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சரியான நோயறிதல் அது. ஆட்டக்காரர்கள் ஒரு மூலையில் வீரமாகச் சண்டை போடுகிறார்கள், பெரிய போர் வேறொரு மூலையில் தன்பாட்டுக்கு நடக்கிறது, இரண்டுக்கும் கயிறு கட்டவில்லை. நான் பார்த்தவற்றில் அதிகம் கெட்டுப்போன போர்கள் இந்த இடத்தில்தான் கெட்டன. மற்ற கோளாறுகள் நேரத்தைத்தான் தின்னும், இது ஆசையையே தின்றுவிடும்.

கயிறு கட்டத் தமிழில் நமக்கு அருமையான வரைபடம் கையிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த புறத்திணைகள்தான். ஒரு போரில் என்னென்ன நடக்கும் என்று வகை பிரித்து, வகைக்கொரு பூவையும் சூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெட்சி என்றால் எதிரியின் ஆநிரையைக் கவர்வது. கரந்தை அதை மீட்பது. வஞ்சி எதிரி நாட்டின் மேல் படையெடுத்துப் போவது. நொச்சி மதிலைக் காப்பது. உழிஞை மதிலை வளைத்துப் பிடிப்பது. தும்பை இரு படையும் நேருக்கு நேர் மோதுவது. ஒவ்வொன்றும் ஆட்டக்காரர்கள் கையில் கொடுக்கத்தக்க ஒரு பணி.

சங்ககிரி மலைக்கோட்டையைப் போல ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்து ஆட்கள் பலர் ஏறியிருப்பார்கள். படி ஏற ஏற மதிலும் வாசலும் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். எதிரிப்படை கீழ்வாசலில் நிற்கிறது. கட்டம் தொடங்கும்போது டி.எம். மூன்று பணிகளை மேசையில் வைக்கிறார். ஒன்று நொச்சி: கீழ்வாசல் கதவுக்குப் பின்னால் நின்று, தகர்க்க வரும் ஓகர் என்ற பேருருவ அரக்கனைத் தடுப்பது. இரண்டு வெட்சி: பின்பக்கப் பாறைச் சரிவில் இறங்கி எதிரியின் பொதிமாடுகளை அவிழ்த்து விரட்டுவது. மூன்று தும்பை: எதிரித் தளபதியைத் தனிப்போருக்கு அழைப்பது. ஆட்டக்காரர்கள் ஒன்றைத்தான் எடுக்க முடியும். எடுக்காத இரண்டும் அவர்கள் இல்லாமலேயே நடக்கும்.

பலனையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓகர் விழுந்தால் இந்தக் கட்டத்தில் வாசல் உடையாது. பொதிமாடு போனால் அடுத்த எல்லாக் கட்டத்திலும் எதிரிக்கு 1 குறைவு. தளபதி சாய்ந்தால் எதிரியின் எந்த இரண்டு கொட்டையைப் புரட்டுவது என்று ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்கலாம். இப்படிச் சொன்னதும் மேசையில் வாக்குவாதம் கிளம்பும். கிளம்பட்டும். அந்த வாக்குவாதம்தான் போர்.

அடுத்தடுத்த வாசல் இருப்பதால் இன்னொன்றும் கிடைக்கிறது. கீழ்வாசல் போனால் கோட்டையே போனதாக அர்த்தம் இல்லை. இரண்டாம் வாசலுக்குப் பின்வாங்கலாம். ஒரு வாசலுக்கு ஒரு கட்டம் என்று வைத்தால், எப்போது பின்வாங்குவது, யாரை விட்டுவிட்டுப் பின்வாங்குவது என்பதும் ஆட்டக்காரர்கள் கையில் வந்துவிடும்.

அறிகுறி: ஒரே ஃபயர்பாலில் போர் முடிந்துவிடுகிறது, அல்லது ஃபயர்பால் போட்டும் ஒன்றும் ஆகவில்லை

இரண்டும் ஒரே கோளாறு. யார் யார் எவ்வளவு நெருக்கமாக நிற்கிறார்கள் என்று முடிவு செய்யாமல் விட்டதால் வருவது.

ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தின் ஆரம் 20 அடி. கட்டத் தாள் விரிக்காமல் ஆடுகிறவர்களுக்குக் கையேடு ஒரு சுருக்குவழி தருகிறது: ஆரத்தை 5-ஆல் வகுத்தால் சிக்குகிறவர்களின் எண்ணிக்கை. அதாவது நாலு பேர். பரவலாக நிற்பவர்களுக்கு இது சரி. அணிவகுத்து நிற்கும் படைக்கு இதைப் போட்டால் மந்திரவாதி ஆடுபவர் நியாயமாகவே மனம் நோவார், ஏனென்றால் 20 அடி ஆர வட்டத்துக்குள் ஐந்தடிச் சதுரங்கள் ஏறத்தாழ 50 அடங்கும்.

ஏற்காடு மலைப்பாதை போன்ற ஒரு சாலையில் ஓர்க் படை நெருக்கியடித்து நாலு நாலு பேராக ஏறி வருகிறது என்று வையுங்கள். 40 அடி குறுக்களவுக்குள் எட்டு வரிசை, மொத்தம் 32 ஓர்க்குகள். டேமேஜ் 8டி6, சராசரி 28. ‘சேவ்’ உருட்டித் தப்பித்தால் பாதி, 14. ஓர்க்கின் ஹெச்.பி. 15. ஆக சேவ் ஆனவன் ஒரு ஹெச்.பி.யோடு நிற்பான், ஆகாதவன் விழுவான். மந்திரவாதியின் டி.சி. (தப்பிக்க எட்ட வேண்டிய எண்) 15 என்றால் ஓர்க்குக்கு, அதன் கூட்டல் 1 போக, டி20-ல் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 35 சதவீதம். 32-ல் 11 பேர் தப்புவார்கள், 21 பேர் விழுவார்கள். மேசையில் இது என்ன? ஒரு கொட்டையை எடுத்துவிடுங்கள், பக்கத்துக் கொட்டையை வெள்ளையாகப் புரட்டுங்கள். முப்பத்திரண்டு சேவ் உருட்ட வேண்டிய இடத்தில் கை இரண்டு தடவை நகர்ந்தது. அதே இடத்தில் காப்ளின்கள் இருந்தால் இன்னும் சுலபம். பாதி டேமேஜே 14, அதன் ஹெச்.பி. 7. சேவ் ஆனாலும் சாகும், உருட்டவே வேண்டாம். எந்த மந்திரத்துக்கும் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: பாதி விழுந்தாலே சாவானா?

300 ஓர்க் என்பது 15 கொட்டை. ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு, ஃபயர்பால் போடத் தேவையான மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டே இரண்டு. அவரால் போரை முடிக்க முடியாது, ஆனால் போரைத் திருப்ப முடியும். நெருப்பு விழுந்ததைப் பார்த்த எதிரி, அடுத்த கட்டத்தில் சாலையை விட்டுக் காபித் தோட்டத்துக்குள் சிதறிப் போவான். அப்போது அந்த நாலு பேர் கணக்கு பொருந்தும். சிதறிய படைக்கு மேட்டுப் போனஸும் இல்லை, வேகமும் இல்லை. மந்திரம் படையின் வடிவத்தையே மாற்றிவிட்டது. இதை ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியும்படி சொல்லுங்கள்.

அறிகுறி: அம்பு மழையில் வீரன் ஒரே ரவுண்டில் செத்துவிடுகிறான்

ஐந்தாம் பதிப்பில் ஏ.சி. எவ்வளவு ஏறினாலும் பலவீனமான எதிரிக்கும் அடிக்க வாய்ப்பு இருக்கும்படி எண்களை இறுக்கி வைத்திருக்கிறார்கள். நாலு எதிரிக்கு அது நல்லது. நாற்பது பேருக்கு ஆபத்து. 40 எலும்புக்கூடு வில்லாளிகள் ஏ.சி. 16 உள்ள ஒருவனைக் குறிவைத்தால், அவற்றின் போனஸும் 4 என்பதால் தேவை 12, இரண்டு பேருக்கு ஒரு அடி, 20 அடி, அடிக்கு 5 என்று 100 டேமேஜ். ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு, கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) 14 என்று வைத்தால், 44 ஹெச்.பி.தான்.

அதே ஃபைட்டர் மதிலின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் முக்கால் மறைவில் இருந்தால் ஏ.சி.க்கு 5 கூடும். தேவை 17, ஐந்து பேருக்கு ஒரு அடி, எட்டு அடி, 40 டேமேஜ். வலிக்கும், ஆனால் நிற்பான். இந்த வித்தியாசத்தை ஆட்டக்காரருக்குச் சொல்லாமல் வைத்திருந்து கொல்வது நியாயம் இல்லை. ஒரு ரவுண்டு முன்னாலேயே அறிவியுங்கள்: “எலும்புக்கூடுங்க நாணேத்துதுங்க. அடுத்த ரவுண்டு அம்பு மழை. மறைவு எங்க இருக்குன்னு பாத்துக்கோங்க.” அந்த ஒரு ரவுண்டில் ஓடுவதா, கேடயச் சுவர் கட்டுவதா, நண்பனை இழுத்துப்போவதா என்று முடிவெடுக்கட்டும்.

நெருங்கி அடிக்கும் கும்பலுக்கும் எல்லை உண்டு. கட்டத் தாளில் ஒருவனைச் சுற்றி எட்டுப் பேர்தான் நிற்க முடியும். முதுகைச் சுவருக்குக் கொடுத்தால் ஐந்து, மூலையில் நின்றால் மூன்று. புது ஆட்டக்காரர்களுக்கு இதை முதல் ரவுண்டிலேயே சொல்லுங்கள்.

அறிகுறி: “நான் இப்ப எங்க நிக்கறேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்

ஓர் அங்குலத்துக்கு ஐந்தடி என்ற அளவில் பெரும்போரை வரைய முடியாது. நெடுவில்லின் தூர எல்லை 600 அடி. அந்த அளவில் அது 120 அங்குலம், பத்தடி நீள மேசை வேண்டும்.

சார்ட் பேப்பரில் ஐந்து அல்லது ஆறு பகுதிகளை மட்டும் வட்டமிட்டுப் பெயர் எழுதுங்கள்: கீழ்வளைவு, பாலம், தோட்டம், மேல்வளைவு, கோயில் மேடு. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போக ஒரு கட்டம். கொட்டைகளும் வீரர்களின் பொம்மைகளும் வட்டத்துக்குள் இருந்தால் போதும், சரியான இடம் தேவையில்லை. வீரர்கள் நேரடியாக மோதும் இடம் வரும்போது அந்த ஒரு வட்டத்துக்கு மட்டும் கட்டத் தாளை விரியுங்கள். ஆறு வட்டத்துக்கு மேல் போடாதீர்கள்.

அறிகுறி: குறுகிய வழியை அடைத்து நின்றே ஜெயித்துவிடுகிறார்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலைப்போர் நடத்த இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருமுறை ஏறிப் பாருங்கள். மேலே ஏறுகிற வண்டியிலிருந்து கொஞ்ச நேரம் முன்னால் தான் கடந்த சாலையே கீழே தெரியும்.

20 அடி அகலச் சாலையில் நாலு பேர் வரிசை. 300 ஓர்க் என்றால் 75 வரிசை. வரிசைக்கு ஐந்தடி என்று நெருக்கினாலே 375 அடி நீளம். நடக்கிற படை அவ்வளவு நெருக்கமாக வராது, பத்தடி விட்டால் 750 அடி. தலை மேல்வளைவில் அடி வாங்கும்போது வாலுக்கு எதுவும் தெரியாது. சண்டை போடுவது முன்வரிசை நாலு பேர் மட்டும். வளைவை அடைத்து நான்கு வீரர்கள் நின்றால் எந்தப் படையும் தேங்கும். இதை அனுமதியுங்கள், யோசித்துப் பிடித்த இடத்தின் பலனை அவர்கள் முதலில் அனுபவிக்க வேண்டும்.

ஆனால் அடுத்த கட்டத்தில் எதிரித் தளபதி யோசிக்க வேண்டும். அவனுக்கும் மலை தெரியும். வளைவுக்கு வளைவு சாலையைச் சுற்றாமல் நேராக ஏறுகிற ஒற்றையடிக் குறுக்குப்பாதை தோட்டத்துக்குள் இருக்கும், ஒரு கொட்டை அதில் ஏறும். சில்வர் ஓக் மரங்களுக்கும் அதில் படர்ந்த மிளகுக் கொடிக்கும் நடுவில் வருகிறவர்களுக்கு அரை மறைவு, ஏ.சி.க்கு 2 கூடும். அவர்கள் மேல்வளைவைப் பிடித்துவிட்டால் கீழ்வளைவில் நிற்பவர்கள் தலையில் பாறை உருளும். இப்போது ஆட்டக்காரர்கள் பிரிந்து நிற்பதா, வளைவை விட்டுக்கொடுத்து மேலே போவதா? எதிரி ஏறுவதை ஒரு கட்டம் முன்னாலேயே சாடையாகக் காட்டிவிடுங்கள்: பறவைகள் கலைவது, ஒரு கல் சரிந்து விழுவது. கவனித்தவருக்கு அது பலன் தர வேண்டும்.

மேகம் இறங்கினால் இன்னொரு சிக்கல். விதிப்படி இருவருமே ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபோது, காணப்படாமல் தாக்குவதன் அனுகூலமும் காணாதவனைத் தாக்குவதன் பிரதிகூலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாதாரண உருட்டலாகிவிடும். முழு மூட்டத்தில் 300 அடி தள்ளி நிற்பவன்மேல் வில்லாளி சாதாரணமாக எய்வது ஏற்கத்தக்கது இல்லை. எங்கே நிற்கிறான் என்று தெரியாதவனைக் குறிவைக்க முடியாது என்பதைக் கறாராகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டத்தில் வில்லணிகள் அடுத்த வட்டத்துக்கு எய்ய முடியாது, குரலும் சங்கும் கேட்கிற இடத்தை நோக்கித்தான் எல்லோரும் நகர்வார்கள். சங்கை வேறு திசையில் ஊத ஓர் ஆட்டக்காரருக்குத் தோன்றிவிட்டால் அன்றைய ஆட்டம் அவருடையது.

அறிகுறி: பாதியிலேயே முடிவு தெரிந்துவிட்டது, ஆனால் கடைசி ஆள் விழும்வரை உருட்டிக்கொண்டிருக்கிறோம்

யாரும் ஓடாததுதான் காரணம். உயிருள்ள படை கடைசி ஆள்வரை நிற்காது. 1981-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பேசிக் தொகுப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் 2 முதல் 12 வரை மனவுறுதி எண் இருந்தது. 2டி6 உருட்டி அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம். காப்ளினுக்கு 7, ஓர்க்குக்கு 8, எலும்புக்கூட்டுக்கு 12, அதாவது அது ஓடவே ஓடாது. முதல் சாவின்போது ஒருமுறை, பாதி விழும்போது ஒருமுறை சோதிக்க வேண்டும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் பதிப்போடு எந்த முரணும் இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். கொட்டைக் கணக்கில் தோற்றால் புரளும், ஏற்கெனவே வெள்ளை என்றால் களத்தை விட்டுப் போகும். பாதிக்கு மேல் கொட்டைகள் வெள்ளையானால் போர் முடிந்தது. அங்கேயே நிறுத்துங்கள். ஓடுகிறவர்களைத் துரத்துவதா விடுவதா என்று மட்டும் கேளுங்கள், அதற்கு உருட்டல் வேண்டாம்.

எலும்புக்கூடுகள் ஓடாது என்பதால் அந்தப் போருக்குக் கண்டிப்பாக ஒரு சாவி வையுங்கள்: அவற்றை எழுப்பிய மந்திரவாதி, அல்லது ஒரு மணி, ஒரு கொடிமரம். அது விழுந்தால் அவையும் விழும்.

அறிகுறி: நம் பக்கத்தில் அறுபது பேர் செத்தார்கள், யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை

மூன்று கொட்டைகளை எடுத்துப் பெட்டியில் போட்டால் அப்படித்தான் இருக்கும். போருக்கு முன்பே அணிக்கு ஒரு முகம் கொடுங்கள்: ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு வேலை. அந்த அணி விழும்போது அவர் பெயரைச் சொல்லி விழட்டும். போர் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கு நடுகல் எழுதட்டும். தர்மபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களில் இருப்பதுபோல் சுருக்கமாக: எந்த அரசன் ஆண்டில், எந்தப் பூசலில், யார் பட்டான். எழுதுகிறவர் பேனாவை எடுத்து யோசிக்கிற அந்த இடைவெளி மேசைக்கு நல்லது.

அறிகுறி: நேரமாகிவிட்டது, போர் பாதியில் நிற்கிறது

ஓமலூர், ஆத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மேலே ஏற்காட்டில் ஆடினால் இருட்டிய பிறகு யாரையும் வளைவுகளில் பைக்கில் இறங்க விடாதீர்கள், எந்தப் போரும் அதற்கு ஈடில்லை.

ரவுண்டின் நடுவில் நிறுத்த வேண்டாம், கட்டம் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். கலைவதற்கு முன் சார்ட்டை நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள், கறுப்பு வெள்ளை தெளிவாகத் தெரிய வேண்டும், நிழல் விழாமல் பாருங்கள். சார்ட்டின் பின்பக்கம் மூன்று வரி எழுதுங்கள்: எத்தனையாவது கட்டம், இரு பக்கத்துக்கும் இப்போது என்னென்ன கூட்டல் கழித்தல், அடுத்த கட்டத்தில் மேசையில் வைக்கப்போகும் மூன்று பணிகள். வீரர்களின் ஹெச்.பி., ஸ்லாட் எல்லாம் அவரவர் தாளிலேயே பென்சிலில் இருக்கட்டும். அந்த மூன்று பணிகளை அன்றிரவே குழுவின் வாட்ஸ்ஆப்பில் போட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிறு வரும்போது எதை எடுப்பது என்ற சண்டையைப் பாதி முடித்துவிட்டே வருவார்கள், முதல் பத்து நிமிடத்துக்குள் டைஸ் உருளும்.